காலாட்டினால் சேலை வரும்!



"காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்றொரு பழமொழி உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, "உங்க ஊர்ல சும்மா உட்கார்ந்து காலை ஆட்டினாலே சோறு கிடைக்குமாமே!" என்று கேலி செய்வார்கள். விஷயம் வேறு. குழித்தறியில் உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் நெசவாளரின் கால்களைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது. திண்ணையில் ஆடினால் சோம்பேறித்தனம். மிதியில் ஆடினால் பிழைப்பு!

நம் கால் எங்கே இருக்கிறது? "ரெக்கார்டு நாளைக்கு எழுதிக்கலாம்." "அரியர் பேப்பரை அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்." இப்படியே மூன்று வருஷப் படிப்பு நாலாகிறது, ஐந்தாகிறது. தறி ஓட்டி நமக்கு ஃபீஸ் கட்டும் அப்பாவுக்கு அந்தக் கூடுதல் வருஷம் எத்தனை சேலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏன் தள்ளிப் போடுகிறோம்?

"சோம்பேறி" என்று திட்டிவிடுவது சுலபம். ஆனால் சிரோய், பிச்சில் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில் வேறு காரணம் சொன்னார்கள். நாம் தள்ளிப் போடுவது வேலையை அல்ல; அந்த வேலை கிளப்பிவிடும் சங்கடமான உணர்ச்சியை!

கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம். "இது நமக்கு வராது" என்று உள்ளே ஒரு குரல். புத்தகத்தை மூடிவிட்டுப் போனை எடுக்கிறோம். அப்பாடா! மனசு லேசாகிறது. அந்த 'அப்பாடா'தான் ஆபத்து. மூடினால் நிம்மதி என்று மனசு கற்றுக்கொள்கிறது. மிச்சமிருக்கும் நாள் குறையக் குறையச் சந்தேகம் கூடுகிறது. சந்தேகம் கூடக் கூட இன்னும் தள்ளிப் போடுகிறோம்.

அப்படியானால் தன்னம்பிக்கை வந்த பிறகு ஆரம்பிக்கலாமா? நீந்தக் கற்றுக்கொண்டு குளத்தில் இறங்குகிறேன் என்பது போலத்தான் அது! "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஆல்பர்ட் பந்துரா 1977-ல் சொன்னது இது: நாமே செய்து முடித்த காரியங்கள்தான் அதற்கு முதல் ஊற்று. அறிவுரை எல்லாம் அதற்குப் பிறகே. முதலில் வேலை, பின்னால்தான் துணிச்சல்.

தறி சொல்லும் பாடம்

பிள்ளையார்பாளையம் பக்கம் போய் ஒரு தறியை நின்று பாருங்கள். ஒரு பட்டுச் சேலைக்கு நாடா ஆயிரக்கணக்கான தடவை ஓட வேண்டும். டிசைனைப் பொறுத்துப் பத்து நாள், இருபது நாள், அதற்கு மேலும் ஆகும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. அந்த மலைப்பை அவர் எப்படித் தாங்குகிறார்?

ஒன்று: அவர் முழுச் சேலையையும் பார்ப்பதே இல்லை. நெய்தது படமரத்தில் சுருண்டுகொண்டே போகிறது. கண் முன்னால் இருப்பது கொஞ்சம் துணிதான். மிதி, நாடா, அச்சை இழு. அவ்வளவே. நாமும் "டிராயிங் ஷீட் முடிக்கணும்" என்று மலைக்காமல், "பார்டர் போட்டு டைட்டில் பிளாக் வரையணும்" என்று மட்டும் நினைப்போம். நேரத்தையும் இடத்தையும் முன்பே குறித்துவிட வேண்டும். "ராத்திரி சாப்பிட்டதும், கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு கணக்கு." இப்படி 'இது முடிந்ததும் அது' என்று தீர்மானித்தவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்று கோல்விட்சர் என்பவர் 1999-ல் விளக்கியிருக்கிறார்.

இரண்டு: கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்வது கஷ்டம். உடலுக்கும் இரண்டு கரைக்குமாக மூன்று நாடா. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் துணைக்கு உட்காருவார். நமக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். அரியர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் வீட்டுக்கே போய்க் கூப்பிடட்டும்!

மூன்று: பாவு இழை அறுந்துபோகும். எந்த நெசவாளரும் அதற்காகத் தறியை விட்டு எழுந்து போய்விடுவதில்லை. நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி மிதிக்கிறார். நாமோ ஒரு நாள் படிக்காமல் விட்டால் "நான் உருப்பட மாட்டேன்" என்று நம்மையே திட்டிக்கொண்டு ஒரு வாரத்தையும் விடுகிறோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப் போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப் போட்டார்கள்.

தேறாதவர் எழுதிய கடிதம்

கணித மேதை ராமானுஜன் சிறுவயதில் கொஞ்ச காலம் நம் காஞ்சிபுரத்தில் படித்தவர். பின்னாளில் கும்பகோணத்தில் அவருடைய ஸ்காலர்ஷிப் போனது. சென்னையிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. இங்கிலாந்துப் பேராசிரியர்கள் சிலருக்கு எழுதியும் பயனில்லை. "இனி யார் மதிப்பார்கள்?" என்று அவர் விட்டிருக்கலாம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நாம் எல்லோரும் ராமானுஜன் ஆகப் போவதில்லை. ஆனால் இன்னொரு கடிதம் எழுத நம்மாலும் முடியும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கத்தான் செய்யும். நோய், வீட்டுக் கஷ்டம், நாள் கணக்கில் நீங்காத மனச்சோர்வு இவையெல்லாம் சோம்பல் அல்ல. அப்போது நம்பிக்கையான ஆசிரியரிடமோ டாக்டரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மற்றபடி, நண்பர்களே, இந்த மலரை மூடியதும் ஒரே ஒரு கணக்கு, அல்லது ரெக்கார்டில் ஒரே ஒரு பக்கம். முழுச் சேலையைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். மிதியில் காலை வையுங்கள்!