எல்.இ.டி. வெளிச்சத்தை குறைக்கணுமா? பழைய டிம்மர் வேண்டாம்!

குண்டு பல்புக்கு போட்ட பழைய டிம்மரில் சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டினால் 'மினுக் மினுக்'குன்னு கண்ணடிக்கும். சீக்கிரமே புட்டுக்கவும் செய்யும்.

அப்போ என்னதான் வழி? 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, அதற்கேற்ற அடாப்டர், 'ஆர்டுயினோ ஊனோ ஆர்3' போர்டு, ஐ.ஆர்.எல்.இசட்.44என் மாஸ்பெட். சென்னை ரிச்சி தெரு பக்கம் போனால் இதெல்லாம் வாங்கலாம்.

சூட்சுமம் இதுதான். போர்டு வோல்ட்டை குறைப்பதில்லை. நொடிக்கு சுமார் 490 தடவை விளக்கை போட்டு போட்டு அணைக்கிறது. எரியும் நேரம் குறைந்தால் நம்ம கண்ணுக்கு மங்கலாக தெரியும். அளவு 0 முதல் 255 வரை. 128 வைத்தால் பாதி வெளிச்சம்னு நினைக்காதீங்க, கண்ணுக்கு முக்கால்வாசி போல தெரியும்!

பட்டையை நேராக போர்டில் சொருகினால் போச்சு. ஒரு பின் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. பட்டையோ ஆம்பியர் கணக்கில் இழுக்கும். அதனால்தான் நடுவில் மாஸ்பெட். 9-ம் பின்னில் இருந்து அதன் கேட்டுக்கு ஒயர், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். பட்டையின் மைனஸ் டிரெயினில், சோர்ஸ் கிரவுண்டில். அடாப்டர் மைனசையும் போர்டு கிரவுண்டையும் சேர்க்க மறந்தால் விளக்கு சொன்ன பேச்சு கேட்காது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

உஷார்! வீட்டு 230 வோல்ட் லைனில் இதே மாஸ்பெட்டை மாட்டிடாதீங்க. அது 55 வோல்ட் வரைதான் தாங்கும். வெடிக்கும், போர்டை தொட்டவருக்கும் ஷாக் அடிக்கும்.