பாம்பின் மரபணுவும் நீதிமன்றச் சாட்சியமும்

பாம்பினத்தில் ஆண், பெண் என்ற பேதம் எவ்வாறு நிர்ணயமாகிறது என்று அறியப் புறப்பட்ட ஓர் இளைஞரின் ஆராய்ச்சி, தந்தை இன்னார் என்று நிலைநாட்ட வழியற்ற குழந்தைக்கும், கொலையுண்டவர் யார் என்று துணிய இயலாத காவல் துறைக்கும் விடை தரும் சாதனமாக ஹைதராபாத் நகரில் உருப்பெற்ற வரலாறு, விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ளோர் மட்டுமன்றி, நீதியில் நம்பிக்கையுள்ளோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தில், கல்வாரி என்னும் கிராமத்தில், 1947 ஜூலை 5ஆம் நாள் பிறந்த லால்ஜி சிங், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1971இல் டாக்டர் பட்டம் பெற்றார். மனிதரில் இருவேறு பால் குரோமோசோம்கள் ஆணுக்கு அமைந்திருக்க, பாம்பினங்கள் பலவற்றிலோ அவை பெண்ணுக்கு அமைந்திருக்கின்றன. பெண் பாம்புக்கே உரிய அந்தக் குரோமோசோமில் அப்படி என்ன விசேஷம் உண்டு என்ற வினாவை நெஞ்சில் ஏந்தியவராய் அவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாய்த் தோன்றும் கட்டுவிரியன் இனத்துப் பெண் பாம்பின் டி.என்.ஏ.விலிருந்து, அவரும் அங்கிருந்த விஞ்ஞானி கென்னத் ஜோன்ஸும் பிரித்தெடுத்த ஒரு சிறு பகுதி, பி.கே.எம். என்று பெயர் பெற்று 1980இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. குவானின், அடினின், தைமின், அடினின் என்ற நான்கு மூலங்களும் இதே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதே அதன் பிரதான லட்சணம். பாம்பில் கண்ட இத்தொடர் எலியிலும் மனிதரிலும்கூட உண்டு என்பது தெரிந்தபோது, அவருடைய ஆராய்ச்சி ஊர்வனவற்றின் எல்லையைக் கடந்துவிட்டது.

விஞ்ஞானி பார்கவாவின் பெருமுயற்சியால் 1977இல் ஹைதராபாத்தில் தோன்றிய உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு லால்ஜி சிங் 1987இல் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்பவர், டி.என்.ஏ.வைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்து 1985இல் வெளியிட்டிருந்தார். ஆயினும், பிறர் கண்ட கருவியை எதிர்பார்த்திராமல், தாம் பாம்பிலிருந்து பெற்ற பி.கே.எம். தொடரைக் கொண்டே அப்பரிசோதனையை இந்நாட்டில் நிலைநாட்டியது லால்ஜி சிங்கின் சாதனை.

அக்காலத்தில் கையாண்ட இதன் செய்முறை வருமாறு: இரத்தத்திலிருந்தோ திசுவிலிருந்தோ எடுத்த டி.என்.ஏ.வை நொதிகளால் துண்டித்து, கூழ்மப் பலகையில் இட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், சிறு துண்டுகள் விரைந்தும் பெருந்துண்டுகள் பின்தங்கியும் நகரும். அவற்றைச் சவ்வு ஒன்றில் ஒற்றியெடுத்து, கதிரியக்கம் ஏற்றிய பி.கே.எம். துணுக்கை அதன்மேல் பரவவிட்டால், தனக்கு இணையான இடங்களில் மட்டும் அது பற்றிக்கொள்ளும். எக்ஸ்ரே படத்தில் அவ்விடங்கள் ஏணிப்படிகள்போல் கோடுகளாகப் பதியும். அத்தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் நீங்கலாக, ஒருவரின் கோட்டு வரிசை மற்றொருவருக்கு அமைவதில்லை. குழந்தையின் கோடுகளில் தாயிடம் காணப்படாதவை தந்தையிடமிருந்து வந்தவையாகவே இருத்தல் வேண்டும்.

1989இல் கேரளத்துத் தலச்சேரி நீதிமன்றம், ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் இச்சான்றை ஏற்றது. பின்னர் அம்மாநில உயர் நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கிலும், 1997இல் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்த, சாமியார் பிரேமானந்தா மீதான பாலியல் வல்லுறவு வழக்கிலும் ஹைதராபாத் ஆய்வகத்தின் பரிசோதனை துணைநின்றது. பிந்திய வழக்கில் எதிர்த்தரப்பினர் இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து மறுத்துரைக்கச் செய்தனர். அந்தப் பரீட்சையிலும் சான்று நிலைத்தது. ஆய்வகத்தில் தெளிவாக நிற்கும் உண்மை, வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையில் தளராதிருக்க வேண்டுமானால், மாதிரியைச் சேகரித்த முறை முதல் முடிவை எழுதிய வாசகம் வரை யாவும் பழுதற்றிருத்தல் அவசியம். ஆராய்ச்சி இதழில் எழுதுவதோடு தம் கடமை தீர்ந்ததென்று கருதாமல், அப்பொறுப்பையும் ஏற்று நீதிமன்றத்தில் நின்றதே லால்ஜி சிங்கின் தனிச்சிறப்பு என்பேன்.

1998 முதல் 2009 வரை ஹைதராபாத் மையத்தின் இயக்குநராக விளங்கிய அவர், தமிழகத்தைச் சேர்ந்த கே. தங்கராஜ் முதலியோருடன் இணைந்து அந்தமான் பழங்குடியினரின் தொன்மையையும், இந்திய மக்களின் மூதாதையர் வரலாற்றையும் ஆராய்ந்தார். ஒரே சமூகத்துக்குள் தலைமுறை தலைமுறையாக மணம் செய்துகொள்வோரிடம் சில பரம்பரை நோய்கள் பெருகக் காரணம் யாதென்பது அவ்வாராய்ச்சியில் விளங்கிற்று. 2017 டிசம்பர் 10 அன்று அவர் காலமானார்.

உடனடிப் பிரயோஜனம் கேட்டு ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வழங்குவோர், பாம்பின் குரோமோசோமைப் பற்றிய வினாவை அன்றே பயனற்றதென்று தள்ளியிருந்தால், நம் நீதிமன்றங்களுக்கு இந்த உள்நாட்டுச் சாதனம் கிட்டியிராது. ஆர்வத்தால் எழும் வினாக்களைப் பொறுமையோடு பேணுவது அரசின் கடமை. அவற்றின் விடையைச் சாமானியரும் சோதித்துப் பார்க்கும் வண்ணம் எடுத்துரைப்பது விஞ்ஞானியின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும் நாட்டில்தான் அறிவியல் மக்களின் உடைமையாகும்.