சட்டை மாற்றும் ஒட்டுண்ணி

ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா புருசி, செட்சி ஈயின் கடி வழியாக உடலுக்குள் நுழையும் ஓரணு உயிரி. மலேரியா ஒட்டுண்ணி ஈரல் அணுக்களிலும் சிவப்பணுக்களிலும் பதுங்குகிறது. லீஷ்மேனியா, தன்னை விழுங்கிச் செரிக்க வரும் வெள்ளையணுவுக்குள்ளேயே குடியேறிப் பெருகுகிறது. டிரிப்பனோசோமாவோ எந்த அணுவுக்குள்ளும் புகாமல், எதிர்ப்பொருள்கள் சுற்றிவரும் இரத்தத்திலேயே நீந்தி, மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்கிறது.

இந்தப் புதிருக்கு முதல் தடயம் 1910இல் கிடைத்தது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைச் செகந்திராபாத்தில் கண்ட அதே ரொனால்ட் ராஸ், டேவிட் தாம்சனுடன் சேர்ந்து லிவர்பூலில் ஒரு நோயாளியின் இரத்தத்தை நாள்தோறும் சோதித்தார். ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை ஏறியது, சரிந்தது, சில நாட்களில் மீண்டும் ஏறியது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் ஒட்டுண்ணியின் மேலுறையில் இருக்கிறது. ஒரே வகைப் புரதம் ஏறத்தாழ ஒரு கோடி எண்ணிக்கையில் நெருங்கி நின்று ஒட்டுண்ணியைச் சட்டைபோல் மூடியிருக்கிறது. உடல் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் தயாரித்து ஒட்டுண்ணிகளைக் கொன்று குவிக்கிறது. அதற்குள் மிகச் சில மட்டும் வேறொரு புரதத்துக்கு மாறியிருக்கும். பழைய எதிர்ப்பொருளுக்கு அவை பிடிபடுவதில்லை. அவை பெருகுவதுதான் அடுத்த ஏற்றம். இந்த மாற்றம் எதிர்ப்பொருளைக் கண்டபின் நிகழ்வதல்ல, முன்கூட்டியே தற்செயலாக நிகழ்வது. ஒட்டுண்ணியின் வலிமையே இந்தத் தற்செயலில்தான் இருக்கிறது.

இப்புரதங்களுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே இயங்கும். பெரும்பாலானவை முழுமையற்றவை. ஆனாலும் அவை வீணல்ல. துண்டுகளை இணைத்து, முன்பு எங்கும் இல்லாத புதுப் புரதங்களையும் ஒட்டுண்ணி உருவாக்கிக்கொள்கிறது.

எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டாலும் ஒட்டுண்ணி உடனே சாவதில்லை. வேகமாக முன்னோக்கி நீந்தும்போது எதிர்ப்பொருள் உடலின் பின்முனைக்கு ஒதுக்கப்படுகிறது. அங்கே, நீந்த உதவும் கசையிழையின் அடியிலுள்ள குழி அதை உள்ளிழுத்துச் செரித்துவிடுகிறது. எதிர்ப்பொருள் குறைவாக இருக்கும் தொடக்க நாட்களில் இது பெரிதும் உதவுகிறது. இவை போதாதென்று, எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி அணுக்களையே இத்தொற்று அழிப்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஓர் உறைப் புரதத்தைக் குறிவைத்துத் தடுப்பூசி தயாரித்தால், ஒட்டுண்ணி அடுத்ததற்கு மாறிவிடும். அதனால் தூக்க நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. நோயாளிகளைத் தேடிக் கண்டறிவது, மருந்து கொடுப்பது, ஈக்களைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றாலேயே, ஆண்டுக்குப் பல்லாயிரமாக இருந்த பதிவான பாதிப்புகள் 2018 முதல் ஆயிரத்துக்கும் கீழே வந்துள்ளன.