கைப்பிடியில் ஒரு கணப்பு

ஜெர்மனியின் பவேரியக் காட்டுப் பகுதியில், துர்மன்ஸ்பாங் என்ற ஊரை ஒட்டி சோல்லா என்றோர் இடம் இருக்கிறது. குளிர்காலத்தின் உச்சத்தில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கணப்பருகே உட்காரும் நாட்களாகப் பார்த்து, மோட்டார் சைக்கிள்காரர்கள் அங்கே வந்து கூடாரம் அடிக்கிறார்கள். ‘எலிஃபன்டன்ட்ரெஃபன்’, அதாவது யானைகளின் சந்திப்பு என்று பெயர். ‘பச்சை யானை’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ட்சுண்டாப் கேஎஸ் 601 வண்டிக்காரர்களுக்காக எர்ன்ஸ்ட் லெவர்குஸ் 1956-ல் ஸ்டுட்கார்ட் அருகே தொடங்கிவைத்த கூட்டம் இது. 1989 முதல் சோல்லாவில் நடக்கிறது.

பனியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வருகிறவரிடம் எது முதலில் மக்கர் செய்யும்? வண்டி அல்ல, விரல்கள்தான்.

நம் உடம்பு கறாரான கணக்குப்பிள்ளை. குளிர் கூடினால் இதயம், மூளை, ஈரல் ஆகியவற்றின் சூட்டைக் காப்பாற்ற, கைகால்களுக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல்களோ சொந்த வருமானம் இல்லாத பிள்ளைகள். விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. முன்கையில் இருந்துகொண்டு, பொம்மலாட்டக் கயிறுபோலத் தசைநாண்களை இழுக்கிறது. தசை இல்லாத இடத்தில் சூடு அதிகம் பிறக்காது, பெரும்பாலும் ரத்தம் கொண்டுவருவதுதான். அதுவும் குறையும்போது விரல் மரத்துப்போகிறது. தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனாலே கைவேலையில் நயம் குறையத் தொடங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை விநாடி தாமதித்தால், வண்டி எட்டு மீட்டர் தள்ளித்தான் நிற்கும்.

காற்று இந்தக் கதையின் வில்லன். பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரு அமெரிக்கர்கள் 1940-களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பி வெளியே வைத்தார்கள். எந்தக் காற்றில், எந்தக் குளிரில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். காற்றுக் குளிர்ச்சிக் கணக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது. அமெரிக்காவும் கனடாவும் 2001-ல் கொண்டுவந்த சூத்திரத்தின்படி, வெளியே 5 டிகிரி இருக்கும்போது 60 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் மைனஸ் 2 டிகிரிபோல உறைக்கும். அது மூடாத தோலுக்கான கணக்குதான், கையுறைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கை, உடம்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்க் காற்றை வாங்குகிறது.

இதெல்லாம் ஐரோப்பியர் கவலை என்று தள்ளிவிட வேண்டாம். உயரம் ஏறஏற, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற்றம் ஏறக்குறைய 1,900 மீட்டர். பன்னிரண்டு டிகிரி வழியிலேயே கழிந்துவிடும். ஜனவரி விடிகாலையில் குன்னூர் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மருந்து, ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் கிரிப்பையே மின்சாரத்தால் சூடாக்குவது. அந்தத் தந்திரம் இஸ்திரிப் பெட்டியில் இருப்பதேதான். மின்தடை உள்ள கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அது சுடும். 1840-களில் ஜேம்ஸ் ஜூல் இதற்கு வகுத்த விதியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ரப்பர் கிரிப்புக்குள் மெல்லிய கம்பியையோ தகட்டையோ புதைத்து, 12 வோல்ட் கொடுத்தால் போதும். இரண்டு கிரிப்புக்கும் சேர்த்து 36 வாட் என்று வைத்துக்கொண்டால் 3 ஆம்பியர் ஓடும். என்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 14-ஐத் தொடும். திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் அதே கிரிப் 49 வாட் தின்னும்.

சூட்டை உண்டாக்குவது சுலபம். அதை எங்கேயும் ஓடிவிடாமல் கையில் நிறுத்துவதுதான் கஷ்டம். இந்தக் கிரிப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட், எத்தனை நிலை என்று கேட்கிறார்கள். சூடு எந்த வழியாகத் தப்பிக்கிறது என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி.

பலர் மாட்டிய முதல் நாளே ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள்: வலது கை இதமாக இருக்கும், இடது கை வெதுவெதுப்போடு நின்றுவிடும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வலப்பக்கம் கிரிப் உட்கார்ந்திருப்பது ஆக்ஸிலரேட்டரின் பிளாஸ்டிக் குழாய்மேல். பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது. இடப்பக்கம் அப்படியே உலோகக் குழாய்மேல் உட்காருகிறது; சூட்டில் ஒரு பங்கு ஹேண்டில்பார் வழியே ஊர்சுற்றப் போய்விடும். விவரமான தயாரிப்பாளர்கள் இடது கிரிப்புக்குக் கூடுதல் வாட் வைக்கிறார்கள். அப்படி இல்லாத கிட் என்றால், இடது குழாய்மேல் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறையை ஏற்றி, அதன்மேல் கிரிப்பை மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொரு திருட்டு வழி புறங்கை. கிரிப் சுடுவது உள்ளங்கையை. காற்று அடிப்பதோ விரல்களின் முதுகில். சோல்லாவுக்கு வரும் வண்டிகளில் ஹேண்டில்பாரையே பெரிய பைக்குள் திணித்ததுபோல் உறைகளைப் பார்க்கலாம். பார்க்க லட்சணமாக இருக்காது. அது வேண்டாம் என்றால், ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டுகூடக் காற்றைத் தடுத்தே பல வாட்டுகளை மிச்சம் பிடிக்கும். கையுறையும் கெடுக்கலாம்: உள்ளங்கைப் பக்கம் பஞ்சு தடியாக இருந்தால் கிரிப்பின் சூடு உள்ளே வராது. முதுகில் தடிமனும் உள்ளங்கையில் மெல்லிய தோலும் உள்ள கையுறைதான் பொருத்தம். நெஞ்சுக்குக் காற்றுப் புகாத ஜாக்கெட் இல்லாமல் வெறும் கிரிப்பை மட்டும் நம்புவது வீண் செலவு. நெஞ்சு குளிர்ந்தால் கணக்குப்பிள்ளை விரலுக்கான படியை வெட்டிவிடுவார்.

வாங்கும்போது அளவைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பைக்குகளில் பெரும்பாலும் கிரிப் உட்காரும் இடம் 22 மில்லிமீட்டர். சில அமெரிக்க க்ரூஸர் வண்டிகளில் 25.4. அடுத்தது மின்சாரக் கையிருப்பு. சின்ன வண்டியின் ஆல்டர்னேட்டர் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் கொடுத்தது போக எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்று பார்க்காமல் மாட்டினால், டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது பேட்டரி கரையும். கூடுதல் விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். சாவியைக் கழற்றிய பிறகும் கிரிப் ஓடிக்கொண்டிருந்தால், 9 ஆம்பியர்-மணி பேட்டரியை 3 ஆம்பியர் மூன்றே மணி நேரத்தில் காலி செய்துவிடும். அதற்கு வெகுமுன்பே செல்ஃப் எடுக்காது. அதனால்தான் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, சாவி போட்டால் மட்டும் ரிலே இயங்க வேண்டும் என்ற வரிசை. பார்க் லைட் வயரில் நேரடியாகச் சொருகிவிடும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துவது வண்டிக்காரர் கடமை.

மாட்டுவதில் ஆபத்தான பக்கம் வலப்பக்கம். புதுக் கிரிப் ஏறுவதற்காக, ஆக்ஸிலரேட்டர் குழாயின் மேல் உள்ள வரிமேடுகளை அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டியிருக்கும். அதோடு வரும் பசை சில விநாடிகளில் பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் பிடித்தால் கிரிப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனவே பசை இல்லாமல் ஒருமுறை மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பசை வழிந்து குழாய்க்கு உள்ளே போனாலோ, கிரிப்பின் முனை பார் எண்ட் எடையில் உரசினாலோ, முறுக்கிய ஆக்ஸிலரேட்டர் திரும்பி வராது. கிரிப்பைத் திருகிக் கையை எடுத்தால் ‘டக்’கென்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி, என்ஜின் ஓடும்போது ஐடில் சத்தம் ஏறுகிறதா என்று கேட்க வேண்டும். ஏறினால் வயர் இழுபடுகிறது என்று அர்த்தம்.

அந்த வலது வயர்தான் சில வருடம் கழித்து முதலில் சாகும். ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து தினமும் நூற்றுக்கணக்கான முறை திரும்பித் திரும்பி, கிரிப்புக்குள் நுழையும் இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகும். மல்டிமீட்டர் வைத்தால் நன்றாக உள்ள கிரிப் ஏழெட்டு ஓம் காட்டும், அறுந்தது எதுவும் காட்டாது. மாட்டும் நாளிலேயே அந்த வயருக்கு ஒரு தளர்வான வளையம் விட்டிருந்தால், இன்னும் சில குளிர்காலம் தாங்கியிருக்கும்.