எந்த நீலம்? போர்ட்டோ ரிக்கோ கொடியில் ஒளிந்திருக்கும் அரசியல்!

கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் கொடியை கியூபா கொடியோடு குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம். இரண்டிலும் ஐந்து பட்டைகள், இடப்பக்கம் ஒரு முக்கோணம், அதற்குள் வெள்ளை நட்சத்திரம். ஆனால், கியூபாவில் பட்டை நீலம், முக்கோணம் சிவப்பு. போர்ட்டோ ரிக்கோவில் அது அப்படியே தலைகீழ்.

இது தற்செயல் இல்லை. இரண்டுமே அப்போது ஸ்பெயினின் காலனிகள். 1895-ல் நியூயார்க்கில் கூடிய போர்ட்டோ ரிக்கோ புரட்சியாளர்கள், கியூபா போராளிகளோடு தங்களுக்கு இருந்த தோழமையைக் காட்டவே நிறங்களை மாற்றிப்போட்டு இந்தக் கொடியை ஏற்றார்கள்.

1898-ல் ஸ்பெயின் வெளியேறியது, அமெரிக்கா உள்ளே வந்தது. கியூபா 1902-ல் தனி நாடானது. போர்ட்டோ ரிக்கோ ஆகவில்லை. அங்குள்ளவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனால், தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது.

விடுதலை கேட்டவர்கள் இந்தக் கொடியை விடவில்லை. 1948-ல் வந்தது 53-ம் எண் சட்டம். மக்கள் வைத்த பெயர், 'வாய்ப்பூட்டுச் சட்டம்'. வீட்டில் கொடி இருந்தாலே போலீஸ் வரலாம் என்ற நிலை. தண்டனை 10 ஆண்டு சிறை வரை போகும். 1950 அக்டோபர் 30-ல் பிளாங்கா கனாலெஸ் என்ற பெண், ஹயூயா நகரில் இந்தக் கொடியை ஏற்றிக் குடியரசு அறிவித்தார். பதிலுக்கு அந்த நகரின் மீது விமானங்கள் குண்டு வீசின.

அடுத்ததுதான் விசித்திரம். 1952 ஜூலை 25-ல் ஆளுநர் லூயிஸ் முனோஸ் மரின் அதே கொடியை அதிகாரபூர்வமாக ஏற்றினார். 1898-ல் அமெரிக்கப் படை தீவில் இறங்கியதும் இதே தேதிதான்! வாய்ப்பூட்டுச் சட்டமோ 1957 வரை நீடித்தது.

முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. நட்சத்திரம் தீவு என்று அரசு விளக்கம் தந்தது. புரட்சிக் கொடிக்கு அரசு அலுவலக விளக்கம்! கூடவே, அமெரிக்கக் கொடியின் அடர்நீலமும் முக்கோணத்தில் ஏறியது.

அன்றிலிருந்து நீலமே அரசியல். வெளிர்நீலம் பிடித்தால் விடுதலை ஆதரவாளர், அடர்நீலம் என்றால் அமெரிக்காவோடு இணைய விரும்புபவர் என்று ஊரே கணக்குப் போடும். 1895-ல் இருந்தது எந்த நீலம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

2016-ல் சுமார் 7,000 கோடி டாலர் கடனில் தீவு தத்தளித்தபோது, அதன் வரவு செலவைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வாரியத்தை அமைத்தது. சில நாட்களில், பழைய சான் ஹுவானில் ஒரு கதவில் வரையப்பட்டிருந்த கொடி கறுப்பு வெள்ளையாக மாறியிருந்தது. வரைந்தவர்கள் அதில் எந்த நீலத்தையும் விட்டுவைக்கவில்லை.