காரில் கீறல் விழுந்தால்: பட்டறையா, காப்புறுதியா, சும்மா விடுவதா?

தொலைக்காட்சி அரங்கில் இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், காரின் சாயத்தில் விழும் சின்னக் கீறல். இதற்கெல்லாம் ஓர் அரங்கமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் ஒன்பது வருடம் வரை வங்கிக்குத் தவணை கட்டி நாம் ஓட்டுகிற பொருள் அது. பேரங்காடியின் நிறுத்துமிடத்தில் பக்கத்துக் காரின் கதவு இடித்துவிட்டுப் போன ஒரு கோட்டுக்காக, ஐந்து வருடத்துக்கு வெள்ளியை இழக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கதவில் இரும்பு தெரிகிறது என்று தெரிந்தும் மழையிலேயே விட்டு, பிறகு கதவையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் ஊடகத் துறை படித்து வந்தவன், பட்டறையில் வேலை கற்றவன் அல்ல. அதனால் அரங்கில் கேட்கிற கேள்விகளும் சாதாரண கார்க்காரரின் கேள்விகளாகவே இருக்கும். முதல் கேள்வி: கீறல் எவ்வளவு நீளம் என்பது முக்கியமா? இல்லை. கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிறதா என்பதும் இரண்டாம் பட்சம்தான். கீறல் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது, அந்த அடுக்குக்குக் கீழே இருப்பது இரும்பா பிளாஸ்டிக்கா, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

காரின் சாயம் ஒரே பூச்சு அல்ல. தொழிற்சாலையில் முதலில் வெறும் இரும்பு உடலைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காமல் இருக்க ஓர் அடிப்பூச்சு ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர். அதன் மேல்தான் நாம் ஆசைப்பட்டு வாங்குகிற நிறம். எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போல நிறமில்லாத கிளியர் பூச்சு. பளபளப்பு தருவதும், நம் நாட்டு வெயிலைத் தாங்குவதும் இந்தக் கிளியர்தான். நிறம் அதன் கீழே ஒளிந்துகொண்டிருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் வரும். அதில் கிளியரின் பங்கு பாதிக்கும் சற்றுக் குறைவு.

சோதிப்பதற்குப் பட்டறை வேண்டாம். கீறல் விழுந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள். நிறைய பேருக்கு இந்த இடத்திலேயே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். கீறல் என்று நினைத்தது கீறலே இல்லை, மற்றக் காரின் சாயமோ தூணின் சாயமோ நம் காரில் ஒட்டிக்கொண்டது. கருப்புக் காரில் வெள்ளைக் கோடு என்று பதறி வருகிற பலவும் இப்படித்தான் என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். அதைக் காம்பவுண்ட் போட்டு மெதுவாகத் தேய்த்தால் போய்விடும்.

கழுவியும் கோடு இருக்கிறதா? அதன் மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் கீறல் கிளியரோடு நின்றுவிட்டது. அடுத்து விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் அது மேலோட்டம், மெருகேற்றினால் சரியாகிவிடும். நகம் மாட்டினால் ஆழம். உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரிந்து, ஈரத்திலும் மறையவில்லை என்றால் பிரைமர் வரை போயிருக்கிறது. இரும்பு மின்னினாலோ பழுப்பு தெரிந்தாலோ சொல்லவே வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெருகேற்றுவது என்றால் கிளியரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பதுதான். கீறல் நிரம்புவதில்லை, அதைச் சுற்றியுள்ள மேடு இறங்குகிறது. எனவே தீபாவளிக்கு ஒரு முறை, சீனப் பெருநாளுக்கு ஒரு முறை என்று முழுக் காரையும் இயந்திரம் வைத்து மெருகேற்றினால், சில வருடங்களில் போனட்டிலும் கூரையிலும் கிளியர் உரிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். உரிந்த கிளியரைத் தொட்டுச் சரிசெய்ய வழியே கிடையாது. அந்தப் பாகத்தையே தேய்த்து மறுபடி சாயம் அடிக்க வேண்டும். பற்பசை வைத்தியம் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். பற்பசையும் தேய்க்கும் பொருள்தான், லேசான கோட்டை மங்கச் செய்யும். ஆழமான கீறலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இனி இரும்பும் பிளாஸ்டிக்கும். இப்போதைய கார்களில் முன் பம்பரும் பின் பம்பரும் பிளாஸ்டிக். அதில் கீறல் கருப்பு தெரியும் அளவு ஆழமாகப் போனாலும் துரு பிடிக்கப் போவதில்லை. மைவியின் பின் பம்பரில் ஒரு மூலை உரசியிருந்தால், மனம் பொறுக்குமானால், அப்படியே இரண்டு வருடம் ஓட்டலாம். காருக்கு எந்தக் கேடும் இல்லை. அடுத்த உரசலும் அதே மூலையில்தான் விழும் என்பது என் சொந்த அபிப்பிராயம்!

கதவு, போனட், சக்கரத்தின் மேல் வளைவு, இவை பெரும்பாலான கார்களில் இரும்பு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் லோரிக்குப் பின்னால் போகும்போது கல் தெறித்து, போனட்டில் மிளகு அளவு பொட்டு விழுகிறதே, பார்க்கச் சின்னதுதான். ஆனால் இரும்பு வரை போயிருந்தால் மழைத் தண்ணீர் அதில் இறங்கும். துரு சாயத்துக்கு அடியிலேயே பரவி, மேலே கொப்புளம் போல எழும்பும். போர்ட்டிக்சன், கிள்ளான் துறைமுகம் போன்ற கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அசிங்கமான பம்பரை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதற்கு டச்-அப் சாயமே போதும். உங்கள் காரின் நிற எண் கதவுச் சட்டத்திலோ இயந்திர அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் பெரும்பாலும் இருக்கும். ‘வெள்ளி நிறம்’ என்று கேட்டு வாங்கினால் பொருந்தாது, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இடத்தைக் கழுவி, மெழுகுப் பசை இல்லாமல் துடைத்து, துரு இருந்தால் நுண்ணிய தாளால் சுரண்டி, முதலில் பிரைமர், பிறகு நிறம், கடைசியில் கிளியர். ஒவ்வொன்றும் காய வேண்டும். ஒரே துளியாக அப்பாமல் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை வையுங்கள். கொளுத்தும் வெயிலில் செய்யாதீர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியத்தான் செய்யும், ஆனால் இரும்பு மூடப்பட்டுவிட்டது. நமக்கு வேண்டியது அதுதான்.

பட்டறைக்குப் போகிற நிலை வந்தால் என்ன கேட்க வேண்டும்? கீறிய இடத்தில் மட்டும் அடிப்பீர்களா, முழுப் பாகத்துக்கும் கிளியர் போடுவீர்களா என்று கேளுங்கள். கதவின் நடுவில் ஒரு தட்டு அளவு மட்டும் அடித்தால், கொஞ்ச காலத்தில் அதன் ஓரம் வளையமாகத் தெரிய வரும். மின்னும் மெட்டாலிக் நிறமோ முத்து வெள்ளையோ என்றால், பக்கத்துப் பாகத்திலும் நிறத்தைச் சற்றுக் கலந்து அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. கூலி கூடும், நியாயம்தான். பிளாஸ்டிக் பம்பருக்கு அதற்கென்றே உள்ள பிரைமர் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். போடாவிட்டால் சாயம் பிறகு தாளாக உரியும். சாயம் உடையாமல் வெறும் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் சாயமே அடிக்க வேண்டாம். உள்ளிருந்து கம்பியால் நெம்பிப் பள்ளத்தை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் நிலையத்தில் “பாஸ், அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணித் தாறேன்” என்று வருகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். புட்டியை அப்பி மெழுகு தேய்த்துவிட்டுப் போனால் நாளைக்கு யாரைத் தேடுவீர்கள்?

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். அரங்கில் மிகவும் சூடு பிடித்தது இதுதான். “அண்ணே, கிளேம் பண்ணிடலாமா?” என்று கேட்டால், “பண்ணலாம் தம்பி, உன் என்.சி.டி. எவ்வளவு?” என்று திருப்பிக் கேட்கிறவரே நல்ல பட்டறைக்காரர்.

இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவுதான் என்.சி.டி. மலேசியாவில் தனியார் காருக்கு அது முதல் வருடத்துக்குப் பின் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, கடைசியில் 55 என்று ஏறும். 2017 ஜூலை 1 முதல் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கும் முறை வந்த பிறகும் இந்தப் படிக்கட்டு மாறவில்லை. நம் பக்கத்துச் சேதத்துக்கு நாமே கோரினால், 55-இல் இருப்பவர் நேரே பூஜ்யத்துக்கு இறங்குகிறார்.

உதாரணத்துக்கு, கழிவுக்கு முன் உங்கள் கட்டணம் 2,000 வெள்ளி என்று வையுங்கள். 55 விழுக்காட்டில் நீங்கள் கட்டுவது 900. கோரிய பிறகு முதல் வருடம் 2,000 கட்டுவீர்கள், கூடுதல் 1,100. அடுத்த வருடம் கூடுதல் 600, அதற்கடுத்து 500, பிறகு 333 வெள்ளி 40 காசு, பிறகு 200. ஐந்து வருடத்தில் 2,733 வெள்ளி 40 காசு! கார் பழசாகிக் கட்டணம் குறைந்தால் இது சற்றுக் குறையும், அவ்வளவே. பம்பருக்கு மறுசாயம் அடிக்கச் சாதாரணக் காருக்குச் சில நூறு வெள்ளி. நிறுத்துமிடத்தில் இடித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும் நம் காப்புறுதியில் கோரினால் இதே கதைதான். ஆகவே அங்கே எழுதிவைக்கிற பழக்கமில்லாத நம்மவர்கள், இடித்த காரின் எண்ணைப் பார்த்தால் உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறு மற்றவர் மீது என்றால் நிலைமை வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். உங்களிடம் முழுமைக் காப்புறுதி இருந்து, தவறு எதிர்த்தரப்பினுடையது என்று போலீஸ் விசாரணையில் உறுதியானால், உங்கள் நிறுவனத்திடமே கோரியும் என்.சி.டி.யைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. ‘நாக் ஃபார் நாக்’ என்று சொல்லிக் கேளுங்கள். சம்பவ இடத்தில் இரண்டு கார்களையும் சாலையோடு சேர்த்துப் படம் எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பழைய கீறல்களையெல்லாம் ஒரே விபத்தில் சேர்த்து எழுதிக் கோரலாம் என்று ஆசை காட்டுகிற பட்டறைகள் உண்டு. பொய்ப் போலீஸ் புகார் நம் நாட்டில் குற்றம். அதில் கையெழுத்துப் போடுவது பட்டறை முதலாளி அல்ல, நீங்கள்தான்.

காரை அடுத்த வருடமே விற்கிற எண்ணம் இருப்பவர்கள் பட்டறைக்கு ஓடும் முன் ஒரு விலை கேட்டுப் பாருங்கள். மறுசாயம் அடித்த கதவைக் கண்டால், பெரிய விபத்தோ என்று வாங்குகிறவர் சந்தேகப்படுவார், ஒரு காந்தத்தை வைத்து அடியில் புட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார். டச்-அப் வைத்த சின்னக் கோட்டுக்கு விலையில் பேரம் பேசுவாரே தவிர, காரை விட்டுவிட்டுப் போக மாட்டார்.