கை ஓங்குறதுக்கு முன்னாடி

எங்க ஊர் சங்கரன்கோவில். இங்கே கொல்லம் ரயில் ஏறினா செங்கோட்டை, புனலூர் தாண்டி கொட்டாரக்கரை வரும். அந்த ஊர் தாலுகா ஆஸ்பத்திரியில்தான் 2023 மே 10 அதிகாலை ஹவுஸ் சர்ஜன் டாக்டர் வந்தனா தாஸ் கொல்லப்பட்டார். காயத்துக்கு மருந்து போட போலீஸ் கூட்டிட்டு வந்த ஆள், அங்கே இருந்த கத்தரிக்கோலாலேயே குத்தினார்.

நம்ம பக்கம் தூத்துக்குடியில் 2012 ஜனவரியில் மயக்கவியல் மருத்துவர் சேதுலட்சுமி தன் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர், இறந்துபோன ஒரு கர்ப்பிணியின் கணவர். 2024 நவம்பர் 13, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை: புற்றுநோய் மருத்துவர் பாலாஜிக்குக் கத்திக்குத்து. கைதானவர், அங்கே சிகிச்சை பெற்ற ஓர் அம்மாவின் மகன். டாக்டர் பிழைத்துக்கொண்டார்.

சட்டம் இல்லையா? இருக்கு. தமிழ்நாட்டில் 2008லேயே வந்தது. டாக்டர், நர்ஸ், மருத்துவ மாணவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். தாக்கினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 10 வருஷம் ஜெயில். ஜாமீனில் விட முடியாத குற்றம். ஆனா தூத்துக்குடியும் கிண்டியும் அதுக்கு அப்புறம் நடந்தவை. சட்டம் அடி விழுந்த பிறகுதான் வேலை செய்யும்.

முன்னாடியே தடுக்கணும்னா, எல்லாத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. கொட்டாரக்கரை மாதிரி சம்பவத்துக்கு, நிதானத்தில் இல்லாதவரைத் தனியா வைத்துப் பார்க்க இடமும், பக்கத்திலேயே காவலும் வேணும். மற்ற இரண்டிலும் தாக்கியதாகக் கைதானவர்கள் நோயாளியின் சொந்தக்காரங்க. அங்கே காவலாளி மட்டும் போதாது. என்ன நடக்குது, ஏன் லேட்டாகுது, எது கைமீறிப் போச்சுன்னு உட்கார வைத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். ராத்திரி டியூட்டியில் ஒரே டாக்டர் பத்துப் பேரைப் பார்க்கும்போது, முதலில் விடுபட்டுப் போவது அந்தப் பேச்சுதான்.

இதை வெளியே நின்னு சொல்லலை. வெளியூரில் வேலையில் இருந்தப்போ, அப்பாவை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்துட்டாங்கன்னு போன் வந்தது. தம்பியிடம் போனை வாங்கிப் பேசிய நர்ஸை, "உங்களை எல்லாம் சும்மா விட மாட்டேன்"னு கத்தினேன். என் பக்கத்தில் தம்பியும் அதே சூட்டில் நின்னிருந்தா? இப்போ நினைச்சாலும் கூசுது. அந்தக்கா சொன்னது ஒண்ணுதான்: "தம்பி, ஊசி போட்டிருக்கோம், அரை மணி நேரம் கழிச்சுப் பேசுங்க."

அதனால வீட்டில் ஒருத்தரை முடிவு பண்ணிக்கங்க. அவர் மட்டும் டாக்டரிடம் கேட்கட்டும். மற்றவங்க அவரிடம் கேட்கட்டும். தப்பு நடந்ததா தோணினா, கேஸ் ஷீட் நகல் கேளுங்க, எழுத்தில் புகார் கொடுங்க, மருத்துவ கவுன்சில் இருக்கு, நுகர்வோர் நீதிமன்றம் இருக்கு. அந்த ராத்திரி உள்ளே அப்பாவைப் பார்த்துக்கிறவங்க கை நடுங்காம இருக்கணும்.